தீவில் இறங்கும் முதல் நாள்: முதுகுப்பையோடு போகும் தம்பதிக்கு ஒரு பதில்

அடுத்த கேள்வியை ஒரு தங்கை அனுப்பியிருக்கிறார். அப்படியே வாசிக்கிறேன். "அக்கா, நானும் என் கணவரும் முதல் முறையாக முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஒரு வெப்பமண்டலத் தீவுக்குப் போகிறோம். சுற்றுலா நிறுவனம் எதுவும் இல்லை, நாங்கள் இருவர் மட்டும்தான். எல்லா நாட்களுக்கும் அறையை இப்போதே பதிவு செய்துவிடலாமா, இறங்கிய பிறகு தேடிக்கொள்ளலாமா? இறங்கிய அன்றைக்கே ஸ்கூட்டர் எடுத்துத் தீவைச் சுற்றிவிடலாம் என்கிறார் அவர். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் தங்கை. முதல் இரண்டு இரவுக்கு மட்டும் அறை பதிவு செய்யுங்கள். ஸ்கூட்டரை மறுநாளுக்குத் தள்ளிவையுங்கள். ஏன் என்று கேட்டால், அதைச் சொல்லத்தான் கொஞ்சம் நேரம் வேண்டும்.

நானும் என் கணவரும் முதன்முதலாக இப்படிக் கிளம்பியபோது எதையும் பதிவு செய்யவில்லை. போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்ற துணிச்சல். நண்பகலில் கிளம்ப வேண்டிய படகு மூன்று மணி நேரம் தாமதம். தீவில் கால் வைத்தபோது சூரியன் கடல் விளிம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஆகா, என்ன அழகு என்று படகுத்துறையிலேயே நின்று பார்த்தோம். திரும்பிப் பார்ப்பதற்குள் இருட்டிவிட்டது. பை தோளை அறுக்கிறது, சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எந்தப் பக்கம் ஊர் என்றுகூடத் தெரியவில்லை. அப்போது ஒருவர் வந்து "அறை வேண்டுமா" என்று கேட்டார். அவர் பின்னாலேயே போனோம். ஐந்து நாளுக்கு முன்பணம் கொடுத்தால் குறைத்துத் தருவதாகச் சொன்னார். கொடுத்துவிட்டோம். படுத்த பிறகுதான் தெரிந்தது, ஜன்னலுக்குக் கீழே ஜெனரேட்டர். குழாயைத் திறந்தால் உப்புத் தண்ணீர். காலையில் எழுந்து நடந்தால், கூப்பிடு தூரத்தில் மரங்களுக்கு நடுவே அமைதியான குடில்கள், அதுவும் காலியாக. அன்று முழுவதும் நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. நீதானே சரி என்றாய், நீதானே பணத்தை எடுத்தாய் என்று ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டது.

பல தீவுகளுக்குப் போய்வந்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிவது இது: முதுகில் பையோடு நின்றுகொண்டு எடுக்கும் முடிவு எதுவும் நல்ல முடிவாக இருக்காது. முதலில் பையை இறக்க ஓர் இடம் வேண்டும். முதல் இரண்டு இரவுக்கான பதிவு அதற்காகத்தான். அந்த அறை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை, பூட்டு இருந்தால் போதும். மறுநாள் காலையில் குளித்து, சாப்பிட்டு, வெறும் கையோடு நடந்து போய் நீங்கள் தங்க விரும்பும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். இணையத்தில் படம்கூடப் போடாத எத்தனையோ சிறு விடுதிகள் தீவுகளில் இருக்கின்றன. நடந்தால்தான் அவை கண்ணில் படும். ஒன்றை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள்: பெரிய விடுமுறைக் காலத்தில் போகிறீர்கள் என்றால் இந்தக் கணக்கு மாறும். அப்போது தீவே நிரம்பிவிடும், முழுவதையும் பதிவு செய்துகொண்டு போவதுதான் நல்லது.

இருட்டைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதை இன்னும் கொஞ்சம் விளக்குகிறேன். நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக இறங்குகிறது. அதனால் அந்தி நீளாது. சூரியன் மறைந்து இருபது, இருபத்தைந்து நிமிடத்தில் வழி தெரியாத அளவுக்கு இருட்டிவிடும். கோடை என்றாலும் பகல் பெரிதாக நீளாது, ஆண்டு முழுவதும் ஏறத்தாழ 12 மணி நேரம்தான். ஆகவே அந்தத் தீவில் சூரியன் எத்தனை மணிக்கு மறைகிறது என்று முன்பே பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மூன்று மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேரும் படகில் டிக்கெட் எடுங்கள். கடைசிப் படகைத் தொடவே வேண்டாம். அது தாமதமானால் உங்கள் முதல் மாலை முழுவதும் போய்விடும், ரத்தானால் துறைமுக ஊரில் இரவைக் கழிக்க வேண்டும்.

எந்த மாதம் போகிறீர்கள் என்று கேள்வியில் இல்லை. மழைக்காலத்தை நாட்டின் பெயரை வைத்துப் பார்க்காதீர்கள், அந்தத் தீவு எந்தக் கடலில் இருக்கிறது என்று பாருங்கள். தாய்லாந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கரையில் அந்தமான் கடலில் உள்ள புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழை. கிழக்கே வளைகுடாவில் இருக்கும் கோ சமுயியில் பெருமழை அக்டோபருக்கு மேல்தான் தொடங்கும், நவம்பரில் கொட்டித் தீர்க்கும். ஒரே நாடுதான், இரண்டு கடல், இரண்டு பருவம். தெற்கே பாலிக்குப் போனால் நவம்பரிலிருந்து மார்ச் வரை மழைக்காலம். மழையில் போகவே கூடாது என்று சொல்ல மாட்டேன், கூட்டம் குறைவாக இருக்கும். ஆனால் கடல் கொந்தளிக்கும் மாதத்தில் படகுகளை நிறுத்திவிடுவார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

படகுக்கு வருகிறேன். கடல் பயணத்தில் குமட்டல் வரும் என்ற சந்தேகம் இருந்தால், மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்டு மாத்திரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டால் பலன் குறைவு. ஏறுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிட வேண்டும். படகின் நடுப்பகுதியில், தாழ்வான தட்டில் ஆட்டம் குறைவு, அங்கே உட்காருங்கள். கைபேசியைப் பார்க்காதீர்கள், தொலைவில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். நம்மில் பலர் வெறும் வயிற்றோடு ஏறினால் வாந்தி வராது என்று நினைக்கிறோம். அது தவறு. எண்ணெய் இல்லாததாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஏறுவதுதான் நல்லது.

பெரிய பைகளைப் படகில் ஒரு மூலையில் குவித்துவிடுவார்கள். அலைத் தெறிப்பு அதன்மேல்தான் விழும். பையின் மேல் போடும் மழை உறையை நம்பாதீர்கள். உள்ளே ஒரு கனமான பிளாஸ்டிக் பையை விரித்து, துணிமணிகளை அதற்குள் வைத்து முறுக்கிக் கட்டிவிடுங்கள். பாஸ்போர்ட், பணம், கைபேசி, மருந்து எல்லாம் உடம்போடு இருக்கும் சிறிய பையில். சில தீவுகளில் படகுத்துறையே கிடையாது, முழங்கால் தண்ணீரில் இறங்கித்தான் கரைக்கு நடக்க வேண்டும். அப்போது பெரிய பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிட்டு இறங்குங்கள். தடுக்கி விழுந்தால் பையை உடனே உதறிவிட முடியும். பை பத்து கிலோவைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் இதெல்லாம் எளிது. வெப்பமண்டலத்தில் துணி துவைத்தால் வெயிலில் சீக்கிரம் காய்ந்துவிடும், மூன்று செட் உடை தாராளம்.

இறங்கிய உடனே நாலைந்து பேர் உங்களைச் சூழ்ந்துகொள்வார்கள். நீங்கள் சொல்லும் விடுதியின் பெயரைக் கேட்டதும் "அது மூடிவிட்டது", "அங்கே இடமில்லை" என்று சிலர் சொல்வார்கள். வாதாட வேண்டாம். நன்றி சொல்லிவிட்டு நடங்கள். அவர்களுக்கும் அது பிழைப்பு, கோபப்படுவதற்கு ஒன்றும் இல்லை. நிழலாக ஓர் இடம் பார்த்து உட்கார்ந்து, இருவரும் அரை லிட்டர் தண்ணீர் குடியுங்கள். அதன் பிறகு போக்குவரத்தைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டு பேராகப் போவதில் தனி ஆளுக்குக் கிடைக்காத ஒரு வசதி இருக்கிறது. அதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். ஒருவர் இரண்டு பைகளோடும் நிழலில் உட்கார்ந்துகொள்ளலாம், மற்றவர் வெறும் கையோடு போய் அறை பார்க்கலாம். பையோடு வாசலில் நிற்பவரைப் பார்த்தால் விடுதிக்காரருக்குத் தெரியும், இவர் இனி வேறெங்கும் போக மாட்டார் என்று. கையை வீசிக்கொண்டு வருபவர் அடுத்த விடுதிக்கும் போவார் என்பதும் அவருக்குத் தெரியும். சொல்லும் வாடகையே மாறும். போகிறவர் அவசரப்பட வேண்டியதும் இல்லை, பைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. எங்கள் வீட்டில் நான்தான் போவேன். அவர் பைகளோடு உட்கார்ந்து அக்கம்பக்கத்தில் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருப்பார். பல முறை நான் மூன்று அறை பார்த்துவிட்டுத் திரும்பும்போது, அவர் உட்கார்ந்த இடத்திலேயே நான்காவது அறையைப் பற்றிக் கேட்டு வைத்திருப்பார்.

அறைக்குள் போனதும் முதலில் குழாயைத் திறந்து, கையில் கொஞ்சம் சோப்பைத் தேய்த்துப் பாருங்கள். நுரை வராமல் திரிதிரியாகப் போனால் அது உப்பு ஏறிய தண்ணீர். இதற்குக் காரணம் உண்டு. சிறிய தீவுகளில் நிலத்தடி நன்னீர், கீழே இருக்கும் கடல் நீரின்மேல் ஒரு வில்லைபோல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீரைவிடக் கடல்நீர் கொஞ்சம் கனம் என்பதால் இது நடக்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால், கீழே சுமார் நாற்பது மீட்டர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் வல்லுநர்களின் கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். மேலே ஒரு சாண் குறைந்தால், கீழேயிருந்து கடல் எத்தனை மடங்கு மேலேறி வரும்! எல்லா விடுதியும் மோட்டார் போட்டு இறைத்தால் கிணறு உப்பாகிவிடும், பிறகு அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருக்காது. அதனால் தங்கை, ஷவரைத் திறந்துவிட்டு நிற்காதீர்கள். ஒரு வாளித் தண்ணீரில் குளித்துவிட்டு வாருங்கள். தீவுக்குப் போகிற எல்லோரிடமும் நான் கையெடுத்துக் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்.

பிறகு கொசுவலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பாருங்கள். கட்டிலில் உட்கார்ந்து ஒரு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மோட்டார், ஒலிபெருக்கி, சேவல் எல்லாம் அப்போது காதில் விழும். மின்சாரம் இரவு முழுவதும் உண்டா என்று கேளுங்கள், சில தீவுகளில் சில மணி நேரம்தான் இருக்கும். கதவை உள்ளிருந்தும் வெளியிருந்தும் பூட்டிப் பாருங்கள். தலைக்கு மேலே காய் நிறைந்த தென்னை இருந்தால் அதன் அடியில் ஊஞ்சல் கட்டியிருந்தாலும் படுக்காதீர்கள்.

இப்போது ஸ்கூட்டர். உங்கள் கணவர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் தம்பி, கோபித்துக்கொள்ளாதீர்கள். படகுக்காகப் போட்ட மாத்திரை தூக்கத்தை வரவழைக்கும், அதன் மயக்கம் மாலை வரை இருக்கலாம். உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும். சாலை புதிது, வளைவுகளில் கடல் மணல் படிந்திருக்கும், போகும் நாட்டைப் பொறுத்து இடம் வலமும் மாறியிருக்கலாம். இத்தனையும் சேர்ந்திருக்கும் ஒரே நாள் அந்த முதல் நாள்தான். மறுநாள் காலையில் எடுங்கள். எடுக்கும்போது வண்டியைச் சுற்றி வந்து கீறல், நசுங்கல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னாலேயே வீடியோ எடுங்கள். பிணையாகப் பாஸ்போர்ட்டைக் கொடுக்காதீர்கள், முன்பணமோ நகலோ கொடுக்கிறேன் என்று கேளுங்கள், ஒப்புக்கொள்ளும் கடை கிடைக்கும். உங்கள் ஓட்டுநர் உரிமத்திலும் சர்வதேச அனுமதியிலும் இருசக்கர வாகனத்துக்கான பிரிவு இருக்கிறதா என்று ஊரை விட்டுக் கிளம்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள். அது இல்லாமல் ஓட்டி விபத்து நடந்தால் பயணக் காப்பீடு பெரும்பாலும் கைவிட்டுவிடும். இன்னொன்று: பின்னால் உட்காருகிறவர் இறங்கும்போது இடப்பக்கமாக இறங்க வேண்டும். புகைக்குழாய் பெரும்பாலும் வலப்பக்கத்தில் இருக்கும். தீவுகளில் வலது கெண்டைக்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நடப்பவர்களை நிறையப் பார்ப்பீர்கள், எல்லாம் அந்தக் குழாயில் பட்ட சூடுதான். பட்டுவிட்டால் பற்பசை தடவாதீர்கள். ஓடும் நல்ல தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுங்கள். பிறகு அது ஆறும் வரை கடலில் இறங்க முடியாது, பயணத்தில் பாதி போய்விடும்.

கடலைப் பொறுத்தவரை, முதல் மாலை கணுக்கால் அளவு போதும். அதற்கு மேல் போகாதீர்கள். உட்கார்ந்து கால் மணி நேரம் அலையைப் பாருங்கள். எல்லா இடத்திலும் அலை உடைந்து வெள்ளையாக நுரைக்கும்போது, நடுவே ஒரு பட்டை மட்டும் அலையில்லாமல், கொஞ்சம் கருமையாக, குளிக்கத் தோதாகத் தெரியும். பல நேரம் அதுதான் கரைக்கு வந்த தண்ணீர் திரும்பிக் கடலுக்குள் பாயும் வழி. வேகம் எடுத்தால் நொடிக்கு இரண்டு மீட்டருக்கு மேல் போகும், ஒலிம்பிக் வீரராலும் அதை எதிர்த்து நீந்த முடியாது. மாட்டிக்கொண்டால் கரையை நோக்கி முட்டி மோதாதீர்கள். அது உங்களைக் கீழே இழுக்காது, வெளியேதான் கொண்டுபோகும். மிதந்துகொண்டே கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்தப் பட்டையை விட்டு வெளியே வந்து, பிறகு கரைக்குத் திரும்புங்கள். கணவரோ மனைவியோ மாட்டிக்கொண்டார் என்று மற்றவர் வெறும் கையோடு பின்னால் குதிப்பதுதான் இரண்டு உயிரையும் ஆபத்தில் தள்ளுகிறது. மிதக்கும் பொருள் எதையாவது வீசிவிட்டு, ஆள் கூப்பிடுங்கள். இதை இருவரும் ஊரிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் யோசிக்க முடியாது.

பவளப்பாறை உள்ள கரை என்றால் கடல் எப்போது வற்றும், எப்போது ஏறும் என்று விடுதியில் கேளுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வற்றமும் ஏற்றமும் அதிகம். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப் போகும். நன்றாக வற்றிய நேரத்தில் பாறைமேல் நடக்காதீர்கள். கால் கிழியும் என்பது ஒரு பக்கம். நீங்கள் மிதிப்பது உயிர் என்பது பெரிய விஷயம். தாய்லாந்தின் மாயா விரிகுடாவை 2018-இல் மூடினார்கள், கூட்டம் தாங்காமல் பவளம் செத்துக்கொண்டிருந்தது. 2022 ஜனவரியில்தான் திறந்தார்கள். பிலிப்பைன்ஸில் போராக்காய் தீவையே அதே 2018-இல் ஆறு மாதம் மூடிவைத்தார்கள். சன்ஸ்கிரீனும் அப்படித்தான். பவளத்துக்குக் கேடு என்று கருதப்படும் சில ரசாயனங்கள் உள்ள சன்ஸ்கிரீனைப் பலாவு நாடு 2020-இல் தடை செய்தது, ஹவாயில் 2021 முதல் அப்படிப்பட்டவற்றை விற்கக் கூடாது. துத்தநாக ஆக்சைடு உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். அதைவிட, முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொண்டால் பூச வேண்டிய இடமே குறைந்துவிடும். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும் நேரம் முழுவதும் வெயில் கடுமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடியிருந்தாலும் தோல் கருகும்.

கொசுவைப் பற்றி ஒரு வார்த்தை. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலில்தான் கடிக்கும், காலையிலும் மாலை மங்கும் முன்பும் அதிகம். இரவில் வலைக்குள் படுத்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். வயிறு கெட்டுப்போனால் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கைவசம் இருக்கட்டும். இல்லையென்றால் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்துக் குடிக்கலாம்.

பணத்தை இருவரும் பாதி பாதியாக வைத்துக்கொள்ளுங்கள். சிறு தீவுகளில் ஏடிஎம் இருக்காது, இருந்தாலும் பணம் தீர்ந்திருக்கும். ஒருவரின் பாஸ்போர்ட் படம் மற்றவர் கைபேசியிலும் இருக்க வேண்டும்.

உங்களுக்குள் சண்டை வருமா என்று நீங்கள் கேட்கவில்லை. வரும். எங்களுக்கு அந்த முதல் தீவுக்குப் பிறகு ஒரு வழக்கம் வந்தது. பயண நாளில் முடிவெடுப்பவர் ஒருவர்தான், மறுமுறை மற்றவர். அன்று அவர் எடுத்த முடிவு சரியா தவறா என்ற பேச்சை, இருவரும் குளித்துச் சாப்பிட்டு முடிக்கும் வரை எடுப்பதில்லை. பெரும்பாலும் சாப்பிட்டு முடித்ததும் பேச ஒன்றும் மீதி இருப்பதில்லை, கடற்கரைக்கு நடந்துவிடுவோம்.

திரும்பும் நாளையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். தீவிலிருந்து வரும் படகையும் விமானத்தையும் ஒரே நாளில் வைக்காதீர்கள். கடல் பொங்கினால் படகு வராது, விமானம் உங்களுக்காக நிற்காது. ஓர் இரவு முன்னதாகவே விமானம் கிளம்பும் ஊருக்கு வந்துவிடுங்கள். ஆழ்கடல் டைவிங் செய்கிற எண்ணம் இருந்தால் அந்த ஓர் இரவு இன்னும் அவசியம். பல முறை டைவ் செய்தவர்கள் கடைசி டைவுக்குப் பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானத்தில் ஏறக் கூடாது.

போய்வந்து எழுதுங்கள் தங்கை, எந்த அறை கிடைத்தது என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. அடுத்த கேள்விக்குப் போகிறேன்.